பெயின்ட்டா, கூடாரமா? பெங்களூரு குடும்பங்களுக்கு ஒரு கோடைக் கணக்கு

ஏப்ரல் பிறந்தால் பெங்களூருத் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். ஊருக்குப் போய்வரும் செலவை முன்பே ஒதுக்கியாயிற்று. வேலூரோ சேலமோ திருவண்ணாமலையோ, தாத்தா பாட்டி வீட்டில் ஒரு வாரம் உறுதி. அதற்குமேல் கையில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ இருக்கிறது. அதை வைத்து வீட்டைக் கொஞ்சம் புதுசாக்குவதா, இல்லை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டோரமாகக் கூடாரத்தில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவதா? பேசிப் பேசியே மே மாதம் வந்துவிடுகிறது. அப்புறம் எடுக்கும் அவசர முடிவில் இரண்டுமே அரைகுறையாகத்தான் அமையும்.

என்னிடம் இதைக் கேட்பவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலை என்னால் சொல்ல முடிந்ததில்லை. அல்சூரில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்குச் சரியாக வருவது, ராமமூர்த்தி நகரில் சொந்தமாகத் தனி வீடு கட்டியிருக்கும் குடும்பத்துக்குச் சரியாக வராது. ஆனால் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் உங்கள் வீட்டுக்கு எது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். இந்த இரண்டோடு, பலரும் யோசிக்காமல் விட்டுவிடும் மூன்றாவது வழியையும் சேர்த்துக்கொள்கிறேன்: மொட்டை மாடி.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, வீடு யாருடையது. பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

இரண்டாவது, மழை. பெங்களூருவில் வருஷத்திலேயே வெயில் அதிகம் அடிப்பது ஏப்ரலில். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போனது. ஆனால் இங்கே கோடை என்றால் ஜூன் வரைக்கும் வறண்ட வெயில் என்று கணக்குப் போடக்கூடாது. ஏப்ரல் பாதியிலேயே மாங்காய் மழை ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் சராசரியாக 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதுவும் சாயங்காலத்தில் இடியும் காற்றுமாக. மாடி வேலை பார்ப்பவருக்கும் கூடாரம் போடுபவருக்கும் இந்தத் தேதிகள் முக்கியம்.

மூன்றாவது, பிள்ளைகளின் வயது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகள் கூடாரத்தைக் கொண்டாடுவார்கள். கைக்குழந்தை இருந்தால் ராத்திரி பூராவும் பெரியவர்களுக்குத் தூக்கம் போகும். பதினைந்து வயதுப் பிள்ளை சிக்னல் இல்லாத இடத்துக்கு ஆசையாக வருமா என்பதை அதனிடமே கேட்டுவிடுவது நல்லது.

நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: இதில் அம்மாவுக்கு விடுமுறை உண்டா? பெயின்ட் வேலை என்றால் சமையலறைச் சாமான் மொத்தத்தையும் இறக்கி, மூடி, திரும்பக் கழுவி ஏற்றுவது யார்? கூடாரத்தில் கல் அடுப்பு மூட்டிச் சமைப்பது யார்? இரண்டு கேள்விக்கும் அவர் பெயரே பதிலாக வந்தால், செலவுக் கணக்கில் அதையும் எழுதுங்கள்.

பணம் கடைசி. அதிலும் சொல்லும் விலையைவிட, சொல்லாமல் வரும் செலவுதான் கணக்கைக் கலைக்கிறது. ஒவ்வொன்றிலும் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

## வீட்டை அழகாக்குவது

சொந்த வீடு என்றால், கலர் அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். கூரை மூலையில் பழுப்புக் கறை, ஜன்னலுக்குக் கீழே உப்புப் பூத்தது, பெயின்ட் கொப்புளம் இதில் ஏதாவது இருந்தால் அங்கே ஓதம் ஏறியிருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும். மாடித் தளத்தில் விரிசலை அடைத்து வாட்டர் புரூஃபிங் செய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி (சுவரைச் சமன் செய்யும் பூச்சு), பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பெயின்ட். தளம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதால் மார்ச், ஏப்ரல்தான் இதற்குச் சரியான மாதங்கள். மே பத்தாம் தேதிக்கு மேல் ஆரம்பித்தால் மழைக்கும் வேலைக்கும் போட்டி வந்துவிடும். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் உள் அலங்காரத்தை விட்டுவிட்டு மாடியை முதலில் பாருங்கள் என்றே நான் சொல்வேன். வெளியில் யாருக்கும் தெரியாத வேலைதான். ஆனால் அடுத்த பத்து வருஷப் பெயின்ட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

மேல்தள வீடு என்றால் இன்னொரு லாபமும் உண்டு. வாட்டர் புரூஃபிங்கோடு மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும் பூசிவிட்டால், கீழே அறையில் சாயங்காலச் சூடு குறைவது நன்றாகவே தெரியும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே தடிமனான ஸ்கிரீன் போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். கண்ணாடிக்குள் நுழைந்துவிட்ட வெயில் உள்ளேதானே இருக்கும்.

இனிப் பெயின்ட் கணக்கு. பெயின்டர் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும்போது பலர் வீட்டின் தரை அளவை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது சுவர் அளவுக்கு. 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. ஒன்பதரை அடி உயரச் சுவர் நான்கும் சேர்ந்து 418, கூரை 120. கதவு ஜன்னலைக் கழித்தாலும் ஏறக்குறைய 500 சதுர அடி பூச வேண்டும். அப்படியென்றால் தரையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! பேசும்போதே மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: பட்டி முழுச் சுவருக்கா, விரிசலுக்கு மட்டுமா, பிரைமர் உண்டா, எத்தனை கோட். டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவு ஒரு கோட்டுக்கா இரண்டு கோட்டுக்கா என்றும் பாருங்கள்.

சொல்லாமல் வரும் செலவு இதில் நிறைய. பட்டி தேய்க்கும்போது பறக்கும் தூள் பீரோவுக்குள் மடித்து வைத்த புடவை வரை போகும். சமைக்க முடியாத நாட்களில் ஓட்டல் சாப்பாடு. வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் இருந்தால் அவரை உறவினர் வீட்டில் தங்கவைக்க வேண்டும். வாசனை குறைந்த பெயின்ட் என்று சொல்லி வாங்கினாலும் இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்துவைக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வேலை முடிந்த பிறகு வருவது. புதுச் சுவர் பளிச்சென்று நிற்கும்போது பழைய ஸ்கிரீன் மங்கித் தெரியும், ஸ்கிரீனை மாற்றினால் சோபா உறை, அப்புறம் விளக்கு. அந்த இரண்டாவது கட்டத்துக்கும் முதலிலேயே ஒரு தொகை எழுதி வைக்காவிட்டால் நாற்பதாயிரம் அறுபதாயிரம் ஆவது உறுதி.

குடும்பம் ஊருக்குப் போகும் வாரத்தில் பெயின்டரிடம் சாவியைக் கொடுத்துவிடுவது பலர் செய்யும் ஏற்பாடு. தூளும் வாசனையும் நம்மேல் படாது என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாத வீட்டில் பட்டி வேலை மேலோட்டமாகப் போய்விடும், பெயின்ட் அடித்த பிறகு அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒருவராவது பட்டி, பிரைமர் நடக்கும் நாட்களில் இருந்துவிட்டு அப்புறம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

பால்கனித் தோட்ட ஆசை உள்ளவர்கள் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்கும் கார் கழுவவும் கட்டட வேலைக்கும் குடிநீரைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்டில் ஏப்ரல் மாதத்தில் இருபது தொட்டி புதிதாக வைப்பது செடிக்கும் நல்லதில்லை, அக்கம்பக்கத்துக்கும் நல்லதில்லை. ஜூன் முதல் மழைக்கு வைத்தால் செடி தானே பிடித்துக்கொள்ளும். கற்றாழை, மணி பிளான்ட் மாதிரிச் செடி இரண்டு மூன்று போதும் இப்போதைக்கு.

### வாடகை வீடு என்றால்

இங்கே நான் தயங்காமல் சொல்வேன்: சுவரில் பணம் போடாதீர்கள். பெங்களூருவில் வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து ஓனர் பிடித்துக்கொள்வது ஊறிப்போன வழக்கம். நீங்கள் போன கோடையில்தான் அடித்தீர்கள் என்பது அப்போது கணக்கில் வராது. அப்படியே அடிக்க வேண்டியிருந்தால், செலவை வாடகையில் கழிப்பதா, காலி செய்யும்போது பிடித்தம் இல்லையா என்பதை 11 மாத அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சாமான் வண்டியில் ஏறக்கூடிய அலங்காரம் வாடகை வீட்டுக்குப் பொருந்தும். சிக்பேட்டில் ஸ்கிரீன் துணி மீட்டர் கணக்கில் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். தரைக்குப் பவானி ஜமுக்காளம், கூடத்து மூலைக்குப் பத்தமடைப் பாய், மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு நின்ற விளக்கு, பிள்ளைகள் அலமாரியில் சென்னப்பட்டணத்து மர பொம்மைகள். பத்தாயிரத்துக்குள் கூடத்தின் முகமே மாறிவிடும், வீடு மாறினாலும் கூடவே வரும். சுவரில் துளை போடுவதற்குப் பதிலாக ஒட்டும் கொக்கி போட்டுக்கொள்ளுங்கள்.

## கூடாரத்தில் தங்குவது

வீட்டுச் சுவர் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் ஒன்பது. கூடாரத்தின் பக்கம் என் மனம் சாய்வதற்குக் காரணம் இதுதான். அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் முழுக்க போனைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பது, நகரத்துப் பிள்ளைகளுக்கு அரிதாகக் கிடைக்கும் விஷயம். ஆனாலும் கோடைக் கூடாரத்தில் சில சிக்கல்கள் இருக்கின்றன. தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எங்கே என்பதிலிருந்து ஆரம்பிப்போம். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. பெங்களூருவைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவும் வனத்துறையின் கையில் இருப்பவை, அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மலையேற்றப் பாதைகளையும் அடைத்துவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதனால் கோடையில் அனுமதி பெற்ற முகாம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல் இருக்கும் இடத்தில் கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது காவிரிக் கரையை. பீமேஸ்வரியிலும் காலிபோரேயிலும் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம்கள் இருக்கின்றன; பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கூரை போட்ட நிலையான கூடார வீடுகள், சேர்ந்தாற்போல் கழிப்பறை, சாப்பாடும் கட்டணத்திலேயே அடக்கம். முழங்கால் வலி உள்ள பாட்டியும் வரலாம், அம்மாவுக்கும் சமையல் இல்லை. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரை இந்தப் பக்கத்தில், தொரேகாடனஹள்ளியிலிருந்துதான் பம்ப் செய்து பெங்களூருவுக்கு ஏற்றுகிறார்கள். இந்த ஆறுதான் நம் வீட்டுக்கு வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லலாம். ஆனால் ஆற்றில் இறங்க விடாதீர்கள். முத்தத்தி, சங்கமம் பக்கம் பார்க்க அமைதியாக இருக்கும் தண்ணீருக்குள் சுழல் உண்டு, முதலை உண்டு. ஆண்டுதோறும் உயிர் போகும் இடம். முகாம் ஆட்கள் காட்டும் இடத்தில், அவர்கள் கூட இருக்கும்போது மட்டும் கால் நனைத்தால் போதும்.

வெயில் தாங்காது என்றால் உயரமான இடம். ஏற்காடு 1,500 மீட்டர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாகப் போகலாம். சேலத்துக்காரர்கள் ஊர்ப் பயணத்தோடு சேர்த்துக்கொண்டால் பெட்ரோல் மிச்சம். குடகு, சக்லேஷ்பூர் காப்பித் தோட்டங்களில் தனியார் முகாம்கள் நிறைய, தலைக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்கு ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் சேர்த்துக் கிடைக்கும். அரசு முகாம்களில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். தனியார் இடத்தில் பதிவு செய்யுமுன், பக்கத்துக் கூடாரத்தில் ராத்திரி பூராவும் பாட்டு வைக்கும் இளைஞர் கூட்டம் வருமா, குடும்பங்களுக்குத் தனிப் பகுதி உண்டா என்று போனில் கேளுங்கள். கழிப்பறை எத்தனை கூடாரத்துக்கு ஒன்று என்றும் கேளுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி போக முடியாது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரவு 9 மணிக்குள் காட்டைக் கடந்துவிட வேண்டும். காலை 6 வரை சாலை மூடியிருக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் ஓசூர் சாலை வழியாகக் கிளம்பினால் பொம்மசந்திராவிலும் அத்திப்பள்ளியிலுமே ஒரு மணி நேரம் போய்விடும். ஐந்து மணிக்குக் கிளம்புங்கள்.

சிவமொக்கா, சிக்கமகளூரு, உத்தர கன்னடா மாவட்டக் காடுகளைக் கோடையில் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. 1957இல் சிவமொக்கா பக்கத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிக் கடியால் பரவுகிறது, டிசம்பரிலிருந்து மே வரைதான் அதிகம். பிள்ளைகள் சருகில் புரண்டு விளையாடும் பயணத்துக்கு அந்தப் பருவம் ஏற்றதில்லை.

மறைந்திருக்கும் செலவு இதில் சாமான் வாங்குவது. டெக்கத்லான் மாதிரி விளையாட்டுச் சாமான் கடைக்குள் போனால் கூடாரம், தூக்கப் பை, காற்று மெத்தை, தலையில் மாட்டும் விளக்கு என்று பதினைந்தாயிரம் சுலபமாகத் தாண்டும். வருஷத்துக்கு ஒருமுறை போவதற்கு இது தேவையில்லை. கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது, முகாமிலும் தருகிறார்கள். வாங்கியே தீருவது என்றால் எத்தனை பேரோ அதைவிட ஒருவருக்குக் கூடுதலாக உள்ள அளவு வாங்குங்கள். மூன்று பேர் கூடாரம் என்றால் மூன்று பேரும் அசையாமல் படுத்தால்தான் இடம் இருக்கும். எப்படியும் மரநிழல் விழும் இடமாகப் பார்த்துப் போடுங்கள், காலை ஏழு மணி வெயிலுக்கே உள்ளே இருக்க முடியாது. மே மாத இடிமழை நாளில் மரத்தடி ஆபத்து. வானம் கறுத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடியில் நிற்கவே கூடாது.

## மொட்டை மாடி

பணம் இறுக்கம், கைக்குழந்தை, லீவு கிடைக்கவில்லை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் இதையே தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் ராத்திரியில் பெங்களூரு 22 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் இப்படி நினைத்துப் பார்க்க முடியுமா? ஜமுக்காளத்தை விரித்து, கொசுவலையை நாலு பக்கமும் கட்டி, மணி விளக்குச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். பிள்ளைகளையே அலங்காரம் செய்யச் சொல்லுங்கள். கட்டுச்சாதம் கட்டிக்கொண்டால் மாடியில் சமையலும் இல்லை.

அபார்ட்மென்ட் என்றால் சங்கத்திடமும், வாடகைக்கு இருக்கும் தனி வீடு என்றால் ஓனரிடமும் சொல்லிவிட வேண்டும். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவாக இருந்தால் சின்னப் பிள்ளைகளோடு அங்கே தூங்குவதை விட்டுவிடுங்கள். கொசு இந்த ஊரில் லேசான விஷயம் இல்லை, டெங்கு உள்ள ஊர். வலை இல்லாமல் படுக்க வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டு அலங்காரம் | கூடாரம் | மொட்டை மாடி |
|---|---|---|---|
| நல்ல காலம் | மார்ச், ஏப்ரல் | ஏப்ரல். மே மாதம் மழை பார்த்து | மாங்காய் மழை இல்லாத ராத்திரி |
| எடுக்கும் நாள் | ஒரு வாரம், சில நேரம் இரண்டு | இரண்டு, மூன்று | ஒரு ராத்திரி |
| சொல்லாமல் வரும் செலவு | பட்டி, ஓட்டல் சாப்பாடு, புது ஸ்கிரீன் | சாமான், பெட்ரோல், டோல் | கொசுவலை |
| அம்மாவின் வேலை | மிக அதிகம் | சாப்பாடு தரும் முகாமில் இல்லை | கொஞ்சம் |
| பெரியவர்களுக்கு | தூளும் வாசனையும் | கழிப்பறை சேர்ந்த கூடார வீடு மட்டும் | படி ஏற முடிந்தால் |
| வாடகை வீட்டாருக்கு | சுவர் வேண்டாம், சாமான் மட்டும் | பொருந்தும் | ஓனர் சம்மதித்தால் |

## யாருக்கு எது

சொந்த வீடு, கூரையில் கறை தெரிகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. இந்தக் கோடை வீட்டுக்குத்தான். கறை எதுவும் இல்லை, நிறம் மட்டும் மங்கியிருக்கிறது என்றால் பெயின்ட் ஒரு வருஷம் காத்திருக்கட்டும், பிள்ளைகள் ஆறு முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் காவிரிக் கரைக்குப் போய் வாருங்கள். வாடகை வீட்டாருக்குப் பத்தாயிரத்துக்குச் சாமான் அலங்காரமும், மீதியில் கூடாரமும் என்று பிரித்துக்கொள்வது பொருந்தும். அந்த ஜமுக்காளமும் விளக்கும் மாடிக்கும் ஆகும், முகாமுக்கும் ஆகும்.

பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஏப்ரலிலேயே ட்யூஷன் தொடங்கிவிடும். அந்த வீட்டில் பிள்ளையின் படிக்கும் மூலையை, நல்ல வெளிச்சமும் காற்றும் வரும்படி மாற்றிக் கொடுப்பது மற்ற எதையும்விட அதிகம் பயன்படும். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கினாலே போதும். கூடவே மாடியில் ஒரு ராத்திரி.

வீட்டு வேலைதான் என்று முடிவு செய்துவிட்டால் கூடாரத்தைக் கைவிட வேண்டியதில்லை, தள்ளி வைக்கலாம். தசரா விடுமுறையில் பெங்களூருப் பக்கம் மழை இன்னும் விட்டிருக்காது. டிசம்பர் கடைசியில் வானம் தெளிந்திருக்கும், காடு இன்னும் காய்ந்திருக்காது, வெயிலும் உறைக்காது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முகாம்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் அக்டோபரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.